கப்பல் வரும்வரை ஹாம்பர்க்கில்

மதியழகன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். சொந்த ஊரான ஆலங்காயத்தில் யாரைக் கேட்டாலும் உலகம் சுற்றினவர் என்பார்கள். உண்மையில் அவருக்குக் கிடைப்பது கப்பல் சிப்பந்திகளுக்கான டிரான்சிட் விசா. விமானத்திலிருந்து இறங்கினால் ஏஜென்ட்டின் வேன், வேனிலிருந்து இறங்கினால் கப்பல். வெளிநாடு என்பது அவருக்கு வேன் ஜன்னலில் ஓடுகிற மரங்கள்தான். ஊர் எப்படி என்று மனைவி சோபனா போனில் கேட்பாள். குளுருது என்பார். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இருக்காது.

சோபனாவுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வேலை. அவள் தைப்பதெல்லாம் ஜெர்மனிக்குப் போகிறது.

போன ஐப்பசியில் ஹாம்பர்க்கில் கப்பலேறப் போனார். கடலில் புயல், கப்பல் வந்து சேரவில்லை. ஏஜென்ட் ஓட்டலில் தங்கவைத்தார். வெளியே கால் வைத்தால் விசாவுக்கு வில்லங்கம் வந்துவிடுமோ என்று மனிதர் அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தார். பொறுக்கமுடியாமல் ஏஜென்ட்டிடம் கேட்டபோது அவர் சிரித்துவிட்டார். விசாவில் நாள் மிச்சமிருக்கிறது, தாராளமாகப் போய்ச் சுற்றிப் பாருங்கள் என்றார்.

மதியழகன் முதலில் போனது ஒரு ஷூ கடைக்கு. கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அங்கே காலை, ஆம்பூரில் அப்போது மதியச் சாப்பாட்டு நேரம். வீடியோவில் சோபனாவைக் கூப்பிட்டு, பெருமையாகக் காட்டினார்.

"ஷூவத்தான் நான் தெனம் பாக்கறேனே. அதப் போட்டுக்கினு ஜனங்க நடக்கறாங்க இல்ல, அதக் காட்டுங்க."

அவர் திரும்பி நின்று போனைத் தரைப்பக்கம் தாழ்த்திப் பிடித்தார். மழை ஈரத்தில் கால்கள் போயின. வேகமான கால்கள், தள்ளுவண்டி தள்ளுகிற கால்கள், நாயோடு போகிற கால்கள். சோபனாவைச் சுற்றி லைனில் வேலை செய்யும் பெண்களெல்லாம் கூடிவிட்டார்கள். ஹாம்பர்க் தெருவில் போய்க்கொண்டிருந்த ஒரு கிழவி நின்று, என்ன எடுக்கிறாய் என்று சந்தேகமாகக் கேட்டாள். தெரிந்த இங்கிலீஷில், என் மனைவி இந்தியாவில் ஷூ தைக்கிறாள், பார்க்க ஆசைப்பட்டாள் என்றார். கிழவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கிப் போனுக்கு நேராகக் காட்டினாள். ஆம்பூரில் அத்தனை பேரும் சிரித்த சிரிப்பு அந்தத் தெருவிலேயே கேட்டது.

"பாட்டிம்மாவ ஜாக்கிரதையா புடிச்சிக்குங்க," என்றாள் சோபனா. சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது.

மறுநாள் கப்பல் வந்துவிட்டது. மதியழகன் ஏறிப்போய் எல்லோருக்கும் ரசம் வைத்தார். ஊர் எப்படி இருந்தது என்று கேப்டன் கேட்டார். இந்த முறை அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், ரசம் பொங்கும்வரை.