நல்ல கால்

சீனச் சண்டை முடிந்த மறுவருடம், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சிதம்பரத்தில் கடலூர் பஸ் ஏறினேன். என் இடது கணுக்காலில் வீக்கம் இருந்தது; விரலால் அழுத்தினால் குழி விழும். யானைக்கால் என்று வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மாவின் கால்கள் தூண்போல் ஆகி, அவள் வாசலைத் தாண்டி வருடக்கணக்காகியிருந்தது. பிறகு சொல்லுவானேன்?

அமாவாசை நெருங்கினால் வீக்கமும் குளிர்காய்ச்சலும் சேர்ந்து வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் அத்தை மகன்தான் நாள் பார்த்துக் கொடுத்தான்.

"அமாவாசை கழிஞ்சி போ மச்சான். ராத்திரி பூரா இறுக்கிக் கட்டிவெச்சா காலு வத்திக் கெடக்கும்."

அப்படியே செய்தேன். பஸ்ஸில்தான் கட்டை அவிழ்த்து, துணி பதிந்த தடம் போகத் தேங்காயெண்ணெய் தடவினேன். கால் மெலிந்து, பார்க்க அழகாகவே இருந்தது.

மைதானத்தில் ஓடச் சொன்னார்கள். முன்னால் வந்தவர்களில் நானும் ஒருவன். மார்பை அளந்தார்கள், பல்லைப் பார்த்தார்கள். டாக்டர் என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து, இடது காலைத் தூக்கித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டார். எனக்குச் சிரிப்பே வந்துவிடும்போல இருந்தது.

அப்புறம் வலது கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்ததும் அந்த இடம் குழிந்திருந்தது.

"இது எப்பலேர்ந்து?" என்றார்.

"அது நல்ல கால் சார்" என்றேன்.

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் குனிந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். குழி அப்படியே இருந்தது.