வடக்குத்துப் பெண்களிடம் நான் கற்ற மாதா புலம்பல்

1998 தவக்காலத்தில் என் மகனுக்கு மூச்சிரைப்பு வந்தது. அப்போது அவன் நடக்கத் தொடங்கியிருந்தான். மருத்துவமனைக்கும் என் கணவரின் கம்பெனி குவார்ட்டர்ஸுக்கும் அலைந்ததிலேயே தவக்காலம் போய்விட்டது. அவன் தேறினான். அத்தோடு திருப்தியடைந்து நன்றி சொல்லியிருக்கலாமோ என்று இப்போதும் நினைப்பேன். ஆனால் என் படிப்பு நின்றுபோயிருந்தது.

நான் இசையில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பக்கத்து ஊரான வடக்குத்தில் பெண்கள் சிலர் பாடும் மாதா புலம்பல்தான் என் தலைப்பு. சிலுவையில் இறந்த மகனுக்காக மாதா அழும் பாட்டு அது. பாட்டை ஒலிநாடாவில் பதிந்து, சுரப்படுத்தி, ஆராய வேண்டும். டிசம்பருக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பெயரை நீக்கிவிடுவார்கள். அடுத்த தவக்காலமோ பிப்ரவரியில்தான்.

ஜூலையில் டேப் ரெக்கார்டரோடு போனேன். பாட்டை முன்னெடுக்கும் ஸ்டெல்லாவுக்கு என் வயதுதான்.

"இப்ப பாட மாட்டோங்க. நாள் இல்லாத நாள்ல முழுசா பாடுனா வூட்ல சாவு வுழும்."

"எனக்காக ஒரே ஒரு தடவை..."

"உங்க வூட்ல வச்சிப் பாடட்டுங்களா?"

என் மகன் இடுப்பில் இருந்தான். அவனோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

பதிவு இல்லாமல் ஆய்வு இல்லை என்றார் என் பேராசிரியை. பாட்டைக் கொடும் என்று ஆண்டவரிடம் கேட்டேன். பிறகு, அது யாருடைய சாவையாவது கேட்பதாகிவிடுமோ என்று பயந்து, வேண்டாம் என்றேன். மறுநாள் மறுபடி கேட்டேன்.

"மனு போடுற, வாபஸ் வாங்குற. அவருக்கும் ஷிப்ட் முடிய வேணாமா?" என்றார் என் கணவர்.

கடைசியில் எனக்கு ஜெபிக்க வார்த்தை இல்லை. "எனக்கு வழி தெரியவில்லை, நீரே பார்த்துக்கொள்ளும்" என்று மட்டும் சொன்னேன்.

அக்டோபரில், படிப்பை விட்டுவிடுவதாக முடிவு செய்தேன். தொந்தரவு செய்ததற்கு ஸ்டெல்லாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

அவள் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். "பாட்டு புடிக்க வந்தீங்க, முடியாதுன்னோம். கத்துக்கிறேன்னு வந்திருந்தா வேணாம்னா சொல்லியிருப்போம்?"

"கத்துக்கும்போதும் பாடத்தானே வேணும்?"

"ஒரு அடி சொல்லி நிறுத்துனா பாடமுங்க. முழுசா எடுத்தாத்தான் புலம்பல். உங்க பொட்டிக்குச் சொல்லிக் குடுக்க மாட்டோம். தவக்காலத்துல எங்களோட வந்து நிப்பீங்கன்னா உங்களுக்குச் சொல்லிக் குடுப்போம்."

உள்ளிருந்து அவள் நாத்தனார் சொன்னாள்: "படிச்ச தொண்டை அண்ணி. மொதல்ல தண்ணி குடு."

அன்றே பாடம் தொடங்கியது. ஒருத்தி அடியை முடிக்கும் முன்பே அடுத்தவள் எடுக்க வேண்டும். நான் மரியாதையாக அவள் முடிக்கக் காத்திருந்தேன்.

"அழுவுறவளத் தனியா வுட்டுட்டு நிக்கிறீங்களே," என்றாள் ஸ்டெல்லா.

அந்த இடத்தில்தான் என் ஆய்வு தொடங்கியது. குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதை ஒலிநாடாவில் கேட்டிருந்தால், தாளப் பிசகு என்றே குறித்திருப்பேன். பாடக் கற்பதும் ஓர் ஆராய்ச்சி முறை என்று தேர்வில் விடை எழுதித் தேறியவள் நான். அது எனக்காகச் சொல்லப்பட்டது என்று ஒருபோதும் தோன்றியதில்லை. பேராசிரியை நெடுநேரம் கேள்வி கேட்டார். பிறகு, "கற்றதை எழுது. கேட்காததை எழுதாதே" என்று அனுமதித்தார். டிசம்பரில் ஆய்வேட்டைக் கொடுத்தேன். அது ஏற்கப்பட்டது.

இதைத் தற்செயல் என்று சொல்லலாம். நானும் சொல்லிப் பார்த்தேன். ஆனால் விட்டுவிடப் போன இடத்தில் வழி திறந்தது. நான் அதைத் திறக்கவில்லை.

இப்போதும் கவலைப்படுகிறவள்தான். ஆனால் ஆண்டவருக்கு வழியையும் நானே சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டேன். சரியாக ஜெபிக்கத் தெரியவில்லையே என்று தயங்குகிறவர் உங்களில் இருந்தால், தெரியாமலேயே அவரிடம் போங்கள்.

அடுத்த தவக்காலத்தின் முதல் வெள்ளியன்று வடக்குத்தில் அவர்களோடு நின்றேன். முழுப் புலம்பலையும் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன், அதைப் பாடிக்கொண்டே. ஆண்டவருக்கு நன்றி.