இடையர் சொல்லாமல் விட்ட பள்ளம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் மவுண்ட் ரோஸ்கில் என்ற புறநகரில், அபிதா வீட்டில், அதுவும் பட்டப்பகலில் இது நடந்தது. பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று யார் சொன்னது?

அபிதாவின் வேலை ஒலிப்பதிவுகளில் இரைச்சலை நீக்குவது. உலகின் மறுகோடியில், ஸ்கொட்லாந்து மலைகளில் ஒவ்வொரு பாறைக்கும் ஓடைக்கும் கேலிக் மொழியில் பெயர் உண்டு. அவை எல்லாம் தெரிந்த ஆட்டிடையர் ஒருவரை அந்த மலையிலேயே நடக்கவிட்டுப் பதிந்திருந்தார்கள். பக்கத்து ஊரான த்ரீ கிங்ஸில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சிவனேசன் அதை அவளிடம் ஒப்படைத்திருந்தார்.

வெளியே மழை. நான்கு வயது மகள் மஹதி சமையலறையில் விளையாடிக்கொண்டிருந்தாள். அபிதாவின் காதில் அந்த இடையக் கிழவரின் குரல். “கிரேக் ருவா... சிவப்புப் பாறை.” பிறகு காற்று. பிறகு கைத்தடி. டொக்... டொக்... கடைசியில், மூச்சு வாங்க, ஆங்கிலத்தில் விடைபெற்றார். தான் போவதாகச் சொன்னார்.

யாராவது போகிறேன் என்றால், ‘போய்விட்டு வாருங்கள்’ என்று சொல்லாமல் யாழ்ப்பாணத்து வாய் சும்மா இருக்குமா?

“ஓம், போட்டு வாங்கோ,” என்றாள் அபிதா.

காற்று நின்றது. ஹெட்போனைக் கழற்றினாள்.

டொக்... டொக்...

சத்தம் நிற்கவில்லை. அது சமையலறையிலிருந்து வந்தது. கூடவே நனைந்த கம்பளி வாடை.

ஓடினாள். பின்கதவு பூட்டியபடியே இருந்தது. உள்ளே தரை ஈரம். மஹதி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ பிடித்திருப்பதுபோல் அவள் வலது கை உயர்ந்திருந்தது.

“ஆரோட பிள்ளை கதைக்கிறாய்?”

“ஹீஸ் டெல்லிங் மீ அ நேம், அம்மா.”

தொண்டையைச் செருமுவதுபோல் ஏதோ ஒரு பெயரைச் சொன்னாள் மஹதி.

அபிதா பிள்ளையை இழுத்தாள்.

வரவில்லை.

மறுபக்கமும்... இழுத்தது.

“விடு என்ர பிள்ளையை!”

விட்டது.

மகளைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அங்கிருந்து சிவனேசனை அழைத்து, கிழவர் போவதாகச் சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

“என்னம்மா சொல்றீங்க? போறேன்னு எங்க சொன்னாரு? கடைசி இடத்தோட பேரைச் சொல்ல வாயெடுத்தவரு, அங்கேயே விழுந்து செத்துட்டாரு. ரெக்கார்டிங் அதோட முடிஞ்சுது.”

பிறகு அவரே ஸ்கொட்லாந்தில் கிழவரின் மூத்த மகளைத் தொலைபேசியில் பிடித்துக் கொடுத்தார். மஹதி சொன்ன சொல்லை அபிதா தட்டுத்தடுமாறிச் சொன்னாள். அந்தப் பெண் அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

அது ஒரு பள்ளத்தின் பெயராம். ‘பிள்ளையின் பள்ளம்’ என்று பொருளாம். அவர்கள் வீட்டுக்குள் மட்டும் புழங்கிய பெயர். பல வருடங்களுக்கு முன் அந்தப் பெண்ணின் நான்கு வயதுத் தங்கை அங்கேதான் காணாமற்போனாள்.

“தனியாகப் போனாளா?” என்று கேட்டாள் அபிதா.

இல்லையாம். அப்பாதான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாராம்.