நான் கேட்டுவிட்ட அனுமதி

ஜாசின் ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஒரு காலத்தில் தொழிலாளர் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொண்ட, பிறகு ஆளில்லாமல் கிடந்த பழைய பிள்ளைக் கொட்டகையில் உட்கார்ந்து ஒரு பெண் சிறுவர் கதைகளைச் சொல்லிப் பதிவுசெய்து இணையத்தில் போட்டுவந்தாள். சுவர் தடிமன், வெளிச்சத்தம் நுழையாது. சாவியைத் தந்தவர் தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை.

கிராமப்புறக் கலைத்தொழிலுக்கு உதவித்தொகை என்று அறிவிப்பு வந்ததும் விண்ணப்பப் பாரத்தோடு என்னிடம் வந்தாள். பிறர் பாரங்களில் குறை கண்டுபிடித்தே ஓய்வு பெற்ற அரசு ஊழியன் நான். தொழில் நடக்கும் இடம் என்ற கட்டத்தில் 'வீடு' என்று எழுதியிருந்தாள்.

"இது பொய்யாச்சே?"

"எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க அங்கிள். விடுங்க லா."

நான் விடவில்லை. கொட்டகைக்கு அனுமதி கேட்டு தோட்ட நிர்வாகிக்கு மலாய் மொழியில் நானே கடிதம் எழுதினேன். இணைப்பு, நகல், எல்லாம் ஒழுங்கு. பதிலும் ஒழுங்காக ஒரே வாரத்தில் வந்தது: அனுமதி இல்லை. கொட்டகைக்குப் புதுப் பூட்டு, கிராணிக்கு எச்சரிக்கைக் கடிதம்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம்; திட்டவில்லை. "கேக்காத வரைக்கும் யாரும் வேணாம்னு சொல்லல அங்கிள். நீங்கதான் போய்க் கேட்டீங்க" என்றாள், அவ்வளவுதான்.

இப்போது வீட்டில்தான் பதிவுசெய்கிறாள். அவள் பாரத்தில் முதலில் எழுதியதே உண்மையாகிவிட்டது. புதுக் கதை ஒவ்வொன்றையும் எனக்கு அனுப்புகிறாள். நரி கிணற்றை எட்டிப் பார்க்கும் நேரத்தில் பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிள் உறுமுகிறது.

நன்றாக வந்திருக்கிறது என்று பதில் போடுகிறேன். அந்தப் பொய்யை மட்டும் எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுதுகிறேன்.