அண்ணன் இரண்டு முறை கேட்ட கேள்வி

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அண்ணனோடு ஷிப்டில் உழைத்த நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் எல்லாவற்றுக்கும் பயப்படுவார் என்பது உங்களுக்குத் தெரியும். தூரத்தில் இடி இடித்தாலே டிவி பிளக்கைப் பிடுங்கிவிடுவார். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் மஞ்சள் கோட்டுக்கு நாலடி தள்ளித்தான் நிற்பார். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று அவரை அதிகம் கேலி செய்தவன் நான்தான். இன்று இதை எழுத எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

அண்ணன் பிறந்தது பென்னலூரை அடுத்த எங்கள் ஊரில், ஏரியை ஒட்டிய தெருவில். அப்பா தவறியபோது அண்ணனுக்குப் பதினேழு வயது. ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் படித்து, ஒரகடத்தில் மெயின்டனன்ஸ் வேலைக்குச் சேர்ந்து, அம்மாவையும் என்னையும் கரையேற்றினார். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு ஒயரைத் தொட்டதில்லை. திருமணத்தன்று பந்தல்காரர் போட்ட சீரியல் லைட்டை மாலையும் கழுத்துமாகச் சோதித்தவர் அவர்.

பெருமழை ஆண்டில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தபோது கீழே உள்ள ஊர்கள் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, எங்கள் ஊர் இளைஞர்கள் காசிமேட்டிலிருந்து பழைய ஃபைபர் படகு ஒன்றும், அதைவிடப் பழைய இன்ஜின் ஒன்றும் வாங்கி வந்தார்கள். எலெக்ட்ரீஷியன் வீடு என்பதால் இன்ஜின் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது. இரண்டு சிலிண்டர், கயிறு சுண்டி ஸ்டார்ட் செய்வது. அதில் அண்ணனுக்குப் பிடித்தது ஒரே ஒரு பொருள்தான். ஒரு சிவப்புக் கயிறு. ஒரு முனை ஓட்டுபவர் மணிக்கட்டில், மறுமுனை இன்ஜின் சுவிட்சில். ஆள் தவறி விழுந்தால் கயிறு சுவிட்சைப் பிடுங்கும், இன்ஜின் நின்றுவிடும். "இத்த செஞ்சவன் நம்மள மாதிரி பயந்தவன்டா" என்பார்.

அந்த இன்ஜினைத் தண்ணீர் டிரம்மில் இறக்கி ஓட்டினால் பத்து நிமிஷம் நன்றாக ஓடும். பிறகு சட்டென்று நிற்கும். மறுபடி சுண்டினால் ஓடும், மறுபடி நிற்கும்.

"இருமி இருமி நின்னா பெட்ரோலு. படக்குனு நின்னா கரண்டு. இது படக்குனு நிக்குது" என்றார் அண்ணன்.

ஒருநாள் பிளக்கை மாற்றினார். மறுநாள் காயிலைச் சோதித்தார். அதற்கும் மறுநாள் எர்த் ஒயரின் துருவைச் சுரண்டினார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "எல்லாத்தையும் ஒரேயடியா மாத்தேன்ணா" என்றேன். "ரெண்டு மாத்தினா எதால சரியாச்சுன்னு தெரியாதுடா. பதறாத காரியம் சிதறாது" என்றார்.

வானிலை அறிக்கையில் கனமழை என்றார்கள். அண்ணன் செகண்ட் ஷிப்டுக்குப் போயிருந்தார். அப்போது நான் வேலை பார்த்த கம்பெனி லைனில், கதவு சென்சார் தப்பாகக் காட்டி மெஷினை நிறுத்தினால், அதை பைபாஸ் செய்துவிட்டு ஓட்டுவோம். லைன் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். அதே கையோடு, சுவிட்சிலிருந்து இன்ஜினை நிறுத்தப் போகும் ஸ்டாப் ஒயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி, உள்ளே தள்ளிவிட்டேன். அரை மணி நேரம் நிற்காமல் ஓடியது. சுவிட்சை அழுத்தியும் நிற்கவில்லை. சோக்கை இழுத்துத்தான் நிறுத்தினேன். அந்தச் சிவப்புக் கயிறு இனி வெறும் கயிறுதான் என்று எனக்குத் தெரியும். மழை விட்டதும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அண்ணனிடம் "பிளக்குல கரிண்ணா, சரி பண்ணிட்டேன்" என்றேன். அவர் முதுகில் தட்டிக் கொடுத்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

இரண்டே நாளில் ஏரி நிரம்பி, கலங்கல் வழிந்து ஊருக்குள் வந்தது. தாழ்வான தெருவில், வாடகை வீட்டு மாடியில், நெல்லைப் பக்கத்துப் பையன்கள் ஆறு பேர் சிக்கிக்கொண்டார்கள். காலை ஒன்பது மணிக்குப் படகை இறக்கினோம். நீச்சல் தெரியாத அண்ணன் இடுப்பில் லாரி டியூபை மாட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். இன்ஜின் என் கையில்.

"கயித்த இஸ்துப் பாத்தியாடா?"

"பாத்துட்டேண்ணா."

"நின்னுச்சா?"

"நின்னுச்சுண்ணா."

தெருமுனையில் அதையே இரண்டாம் முறை கேட்டார். எரிச்சலோடு அதே பொய்யைச் சொன்னேன்.

தண்ணீருக்குள் மறைந்திருந்த காம்பவுண்டுத் தூணில் படகு மோதியது. நான் தூக்கி எறியப்பட்டேன். கயிறு தன் வேலையைச் சரியாகச் செய்து சுவிட்சைப் பிடுங்கிக்கொண்டு என்னோடு வந்தது. இன்ஜின் நிற்கவில்லை. பிடிக்க ஆளில்லாத படகு ஒருபக்கம் திரும்பி, என்னை நடுவில் வைத்து வட்டமடிக்கத் தொடங்கியது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெள்ளத்தின் இழுப்பு. நீந்திப் போக வழியில்லை. இன்ஜின் சத்தம் விலகிப் போகும், திரும்பி வரும். ஒவ்வொரு முறையும் இன்னும் பக்கத்தில் வந்தது.

"முங்குங்கண்ணே! வருது, முங்குங்க!" என்று மாடியில் பையன்கள் கத்தினார்கள். முங்கினேன். தலைக்கு மேல் இன்ஜினின் விசிறி தண்ணீரைக் கிழிப்பது காதுக்குள் கேட்டது. அந்தச் சத்தம் இன்றும் எனக்குள் இருக்கிறது. மிக்ஸி ஓடினால்கூட அடுக்களையை விட்டு வெளியே வந்துவிடுகிறேன்.

மூன்றாம் முறை மேலே வந்தபோது அண்ணன் தவழ்ந்து பின்பக்கம் வந்திருந்தார். ஸ்டாப் பட்டனை அழுத்தினார். நிற்கவில்லை. அடிக்கடி நின்ற இன்ஜின் என்பதால் மூடியை மாட்டாமல்தான் கொண்டுவந்திருந்தோம். டெஸ்டர் இல்லாமல் ஒயரைத் தொடாத என் அண்ணன், ஈரக் கையால் ஓடும் இன்ஜினின் பிளக் ஒயரைப் பிடுங்கினார். ஷாக்கில் உடம்பு துள்ளியது. ஒரு சிலிண்டர் நின்றது, மற்றொன்று ஓடியது. மறுபடி கையை விட்டார். சுழன்றுகொண்டிருந்த சக்கரம் முழங்கையைக் கிழித்தது. இரண்டாவது ஒயரும் கையோடு வந்தது. இன்ஜின் நின்றது.

என்னை இழுத்துப் போட்டுவிட்டு, உள்ளே டேப் சுற்றிக் கிடந்த ஒயரை வெளியே எடுத்தார். அதையும் என்னையும் பார்த்தார். என்னை அடித்திருந்தால் தேவலாம். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அந்த ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் தோல் தேய்ந்து செம்பு தெரிந்தது. அதிரும்போது அது இன்ஜின் உடம்பில் பட்டுத்தான் அத்தனை நாளும் படக்கென்று நின்றிருக்கிறது. அங்கே டேப் சுற்றி, எல்லா ஒயரையும் மறுபடி மாட்டி, ஸ்டார்ட் செய்து, கயிற்றை இழுத்துப் பார்த்தார். நின்றது. அதன் பிறகே ஆறு பையன்களையும் கரை சேர்த்தோம்.

ஊரே அந்தப் பழைய இன்ஜினைத் திட்டியது. அண்ணன் மறுக்கவில்லை. முழங்கைத் தழும்பைப் பற்றி யார் கேட்டாலும் "தகரம் கிழிச்சிடுச்சு" என்றார். உங்களில் பலரும் அதைக் கேட்டிருப்பீர்கள். அது தகரம் அல்ல. நான்.

சென்ற ஆண்டு நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நாளும் சொல்லிவிட வாயெடுத்தேன். "ஏரி எவ்ளோ ரொம்பி கீது?" என்று கேட்பார். பேச்சு அங்கேயே நின்றுவிடும். மூன்றாம் நாள் மாலை அண்ணன் போய்விட்டார்.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஷேர் ஆட்டோ தம்பிக்கும், எனக்காக ஷிப்ட் மாற்றிக்கொண்ட தோழர்களுக்கும், லீவு போட்டு வந்து பாடைக்குத் தோள் கொடுத்த அந்த ஆறு பேருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

இதுவரை எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணியிடம் கொடுத்தேன். இனி இந்த வீட்டு வாசல்படி மிதிக்க முடியுமோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழுக்கப் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

"அன்னிக்கே சொல்லிட்டாரு தம்பி. 'அவனா சொல்ற வரைக்கும் நீ கேக்காத'ன்னாரு."

வெளியே மழை மூட்டமாக இருந்தது.

"இந்த வருசம் அந்தக் கயித்த இஸ்துப் பாத்தீங்களா?" என்று கேட்டார் அண்ணி.

"இல்ல அண்ணி" என்றேன்.

இருவரும் வாசலுக்குப் போனோம். டிரம்மில் தண்ணீர் நிரப்பி இன்ஜினை இறக்கினேன். நாலாவது சுண்டலில் ஓடியது. கயிற்றை இழுத்தேன். நின்றது. "இன்னொரு வாட்டி" என்றார் அண்ணி.