வந்தார் அல்லோ

பாடகன் ரெறி ஹாலத்தின் முகத்தைத் தியேட்டர் வாசலில் ஒட்டிய அன்று, ஸ்ரெல்லா வேலைக்குப் போன இடத்தில் முதல் தடவையாக வேலை செய்யாமல் நின்றாள். 1986ஆம் ஆண்டு, ஓகஸ்ட் மாதக் கடைசி. குளிர் இன்னும் விட்டபாடில்லை. ஒக்லண்ட் நகரத்து ஒனிஹங்காவில் இருந்த அந்தப் பழைய தியேட்டரை அவள் ஆறு வருடமாகக் காலையில் கூட்டித் துடைத்துவந்தாள். ஜஃபா என்று செம்மஞ்சள் நிறத்தில் உருண்டையாய் ஒரு மிட்டாய் இருக்கிறது. இந்த ஊர்ப் பிள்ளைகள் அதைத் தின்பது பாதி, மரத்தரையில் உருட்டி விளையாடுவது பாதி. கதிரைகளுக்குக் கீழே தவழ்ந்து அவற்றைப் பொறுக்கியே அவளுக்கு முதுகு வலி வந்தது. ஆறு வருடத்தில் அங்கே ஒரு படமும் அவள் முழுதாகப் பார்த்ததில்லை.

மனேச்சர் நோயெல் ஏணியில் நின்று போஸ்டரின் மூலையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். போஸ்டரில் நீள முடி, ஒடிசலான உடம்பு, கழுத்தில் கிற்றார். கீழே ‘ரின் சாப்பல்: கடைசி இரவு. நவம்பரில்’ என்று போட்டிருந்தது. ஸ்ரெல்லா அந்த முகத்தை அதற்கு முன் பார்த்ததே இல்லை. பதினைந்து வருடமாக அவள் தொழுதது வெறும் குரலை.

அந்தக் கதையைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

மன்னாரில் ஸ்ரெல்லாவின் அப்பா கோயில் மூப்பர். வீட்டில் சினிமாப் பாட்டுக்குத் தடை. வானொலியில் செய்தி கேட்கலாம், அந்தோனியார் திருநாள் பூசை கேட்கலாம், அவ்வளவுதான். 1971இல், ஸ்ரெல்லாவுக்குப் பதினெட்டு வயது. அண்ணன் றொபேட்டுக்கு இருபது. ஒருநாள் பின்னேரம் ஆங்கில ஒலிபரப்பில் ஒரு பாட்டு வந்தது. இரைச்சலோடு இரைச்சலாக வந்ததில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ஆனால் நடுவில் ஒரு வரி மட்டும், மூன்று முறை, கோயில் மணி அடித்த மாதிரித் தெளிவாகக் கேட்டது.

“வந்தார் அல்லோ... வந்தார் அல்லோ...”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுருட்டோடு உள்ளே வந்த அப்பா, “ஆரடா இது?” என்றார்.

“ரின் சாப்பல் எண்டு சொன்னவங்கள் அப்பா,” என்றான் றொபேட்.

‘சாப்பல்’ என்ற சொல் காதில் விழுந்ததும் மூப்பரின் முகம் மலர்ந்துவிட்டது. சாப்பல் என்றால் சிற்றாலயம். ஆகவே இது சீமைக் கோயில் ஒன்றின் பாடகர் குழு. வந்தார் என்று மரியாதையாகப் பாடுகிறார்கள் என்றால் வந்தது யார்? ஆண்டவரைத் தவிர வேறு யார்? வெள்ளைக்காரர் சிதாரைத் தூக்கிக்கொண்டு இந்தியாவுக்கு ஓடிய காலம் அது. வந்த இடத்தில் ஒரு வரி தமிழ் பொறுக்கிக்கொண்டு போயிருக்க மாட்டார்களா என்ன? அன்றிலிருந்து அந்த வீட்டில் ரின் சாப்பலுக்கு மட்டும் தடை நீங்கியது. நாடெல்லாம் பெற்றோர் திட்டிக் காதைப் பொத்திய றொக் பாட்டை, ஒரு கோயில் மூப்பர் செபமாலையும் கையுமாக இருந்து கேட்டார். இதைவிடப் பெரிய பகிடி மன்னாரில் நடந்ததாக எனக்குத் தெரியாது.

றொபேட் அதோடு விடவில்லை. அந்த வரியை வைத்து, மாட்டுத்தொழுவம், இடையர், வால்வெள்ளி என்று தமிழில் அடிகள் கட்டி, நத்தார் காலைப் பூசையில் கிற்றாரோடு பாடினான். அவன் ஓர் அடி பாட, கோயில் முழுதும் எழும்பி நின்று “வந்தார் அல்லோ” என்று திருப்பிப் பாடியது. அன்று ஸ்ரெல்லாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கோ ஒரு நாட்டில் முகம் தெரியாத ஒருவன் பாட, இங்கே நண்டு பிடிப்பவரும் கருவாடு விற்பவரும் பாடுகிறார்கள். அவனைப் போல ஒருவனைக் கடவுள் வேறு படைக்கவில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

பிறகு யேசுராசாவைக் கட்டினாள். அவர் கப்பலில் மெக்கானிக். அவரோடு 1980இல் ஒக்லண்ட் வந்தாள். இங்கே சமையலறை றேடியோவில் அந்தப் பாட்டு எப்போதாவது வரும். இப்போது அவளுக்கு ஆங்கிலம் தெரியும். இருந்தும் அவளுக்கு அது வந்தார் அல்லோ என்றுதான் கேட்டது. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் தெரிந்துவிடுமே என்று பயந்து அவள் கேட்கவே இல்லை.

படம் வருகிறது என்று றொபேட்டுக்கு எழுதினாள். ஒக்டோபர் கடைசியில் பதில் வந்தது. றொபேட் இப்போது சொந்த வீட்டில் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் சண்டையில் ஊர் எரிந்தபின் சனம் ஒரு கோயில் வளவில் ஓலைக் கொட்டில்களில் இருந்தது. நாற்பது பிள்ளைகளுக்கு அவன் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

“தங்கச்சி, இஞ்ச புதுசா வந்த ஃபாதர் நல்ல மனுசன். பாட்டைக் கேட்டுப்போட்டு, எந்தப் புத்தகத்தில இருக்கு எண்டு கேட்டார். ரின் சாப்பல் எண்டன். மனுசன் சிரிச்சுப்போட்டு, அது கோயில் ஆக்கள் இல்லையே றொபேட், சொல்லும் வேறயெண்டு நினைக்கிறன் எண்டிட்டார். அண்டையில இருந்து எனக்கு நித்திரை இல்லை. நீ படத்தைப் பார். உள்ளதை உள்ளபடி எழுது. பொய்யெண்டால் நான் இனிப் பாடமாட்டன். எல்லாத்தையும் இழந்துபோட்டு நிக்கிற பிள்ளையளுக்குப் பொய்யைச் சொல்லிக் குடுக்கேலாது. நத்தாருக்கு முன்னம் எழுது.”

ஸ்ரெல்லா கடிதத்தை யேசுராசாவிடம் நீட்டினாள். றொபேட்டை அவளுக்குத் தெரியும். பாடமாட்டேன் என்றால் பாடமாட்டான். அந்தப் பிள்ளைகளுக்கு நத்தார் என்று இருந்தது அந்தப் பாட்டு ஒன்றுதான்.

“வந்தாரோ வரேல்லையோ, உமக்கென்ன? ஓம் எண்டு எழுதிவிடும்,” என்றார் யேசுராசா.

“பொய் எழுதவோ?”

“ஏழாயிரம் மைல். ஆர் வந்து பாக்கப்போறான்?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று அவர் சொன்னார். அவளுக்கும் ஆசைதான். ஆனால் முதலில் பார்க்க வேண்டும்.

நவம்பரில் ஒரு புதன்கிழமை, பகல் இரண்டு மணிக் காட்சி. நோயெல் சும்மா போய் இரு என்றார். அவள் கேட்கவில்லை, ரிக்கற் வாங்கினாள். ரெறி ஹாலத்தை ஓசியில் பார்ப்பது மரியாதை இல்லை. திருநாளுக்குக் கட்டும் சிவப்புச் சேலை, தலையில் பூ. காலையில் தானே துடைத்த கதிரையில் இருந்துகொண்டு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். தியேட்டரில் ஒன்பது பேர். முன்வரிசையில் ஒருவர் வயிற்றுக்கு மேல் பூட்ட முடியாத தோல் ஜக்கற்றோடு இருந்தார்.

இந்த மாதிரிப் படங்களுக்கு ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. மொட்டைத் தலையோடு ஒரு கணக்காளர் வந்து, “நான் அன்றைக்கு அங்கே நின்றேன்” என்று கண்ணைக் கசக்குவார். இன்னொருவர் வந்து, அந்தக் காலம் போல் இனி வராது என்பார். மழை, புகை, சேறு, தலையில் பூ வைத்த பெண்கள். அவன் கிற்றாரைத் தொட்டால் பத்து முறை திருப்பிக் காட்டுவார்கள். எனக்கென்றால் கொட்டாவி வந்திருக்கும். ஸ்ரெல்லாவுக்கோ கண்ணிமைக்கவும் பயமாக இருந்தது. கிழமைக்கு ஒருமுறை அவள் தூசி தட்டும் அதே திரையில், பீடத்தளவு பெரிதாக அவன் முகம் நின்றது. மூக்கில் சின்னத் தழும்பு. பாடும்போது இடது கண்ணைச் சுருக்குகிறான். பதினைந்து வருடம் கேட்ட குரலுக்கு ஒரு தொண்டை இருந்தது, அந்தத் தொண்டை அசைந்தது. மன்னார் என்றால் இந்நேரம் கூரை பறக்க விசிலடித்திருப்பார்கள். இந்த ஒன்பது பேரும் பூசையில் இருப்பவர்கள் மாதிரி மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். அவளும் மெல்லக் கைகூப்பிக்கொண்டாள்.

பிறகு இப்போதைய ரெறி ஹாலம் வந்தான். முடி கொட்டி, தாடை தொங்கி, தேத்தண்ணிக் கோப்பையோடு ஒரு சமையலறையில் இருந்தான். அந்தப் பாட்டு எப்படி வந்தது என்று யாரோ கேட்டார்கள்.

அவன் மெதுவாகச் சொன்னான். தொடக்கத்தில் ஒரு குளிர்காலம், ஒரு மதுக்கடையில் பாடப் போனார்களாம். ஒருவரும் வரவில்லையாம். ஒரே ஒருவர்கூட. கிற்றாரைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் தனியே வீட்டுக்கு நடந்தானாம். நடக்கும்போதே வந்த வரியாம். பிறகு அவன் அதை இசையில்லாமல், வெறும் பேச்சாகச் சொல்லிக்காட்டினான்.

வாண்டர் அலோன். தனியே அலை.

ஸ்ரெல்லா கூப்பிய கையை இறக்கினாள். அப்பா, கோயில், நத்தார், நண்டு பிடிப்பவர்கள் எல்லாரும் ஒரே நொடியில் முட்டாள்களாகிப் போனார்கள். அதுவும் வெறும் பிழையா? வந்தார் அல்லோ என்று அவர்கள் பாடினார்கள். அவன் பாடியதோ ஒருவரும் வரவில்லை என்று. றொபேட்டுக்கு இதை எந்தக் கையால் எழுதுவது? எழும்பிப் போய்விடலாமா என்று செருப்பைத் தேடினாள். ஒரு செருப்பு அகப்பட்டது. மற்றது இருட்டில் எங்கோ தள்ளுப்பட்டுக் கிடந்தது. அதனால்தான் அவள் மிச்சத்தைப் பார்த்தாள். ஒற்றைச் செருப்பு தேவதூதர் வேலை பார்த்தது என்றுதான் இன்றைக்கும் சொல்வாள்.

திரையில் கடைசி இரவு. 1975. ஒரு வயல்வெளியில் ஐம்பதினாயிரம் பேர், கொட்டும் மழை. ரெறி அந்தப் பாட்டைத் தொடங்கினான். இப்போது அவளுக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. வாண்டர் அலோன். இரண்டாம் முறை பாடும்போது குரல் உடைந்து, அவன் நிறுத்திவிட்டான். இசையும் நின்றது. மழை மட்டும் கேட்டது.

அப்போது சனம் பாடியது.

ஐம்பதினாயிரம் வாய் ஒன்றாகத் திறந்தால் எழுத்து நிற்காது, மெய்யெழுத்தெல்லாம் கரைந்துபோகும். தியேட்டரின் நான்கு மூலையிலிருந்தும் வந்த சத்தம் அவளுடைய காலுக்குக் கீழே மரத்தரையை அதிரவைத்தது.

“வந்தார் அல்லோ... வந்தார் அல்லோ...”

அதேதான். மன்னாரில் கேட்ட அதேதான். ஒருவரும் வரவில்லை என்று பாட்டெழுதியவனுக்கு முன்னால் ஐம்பதினாயிரம் பேர் மழையில் வந்து நின்றார்கள். ரெறி ஹாலம் மேடை விளிம்பில் காலைத் தொங்கவிட்டு இருந்து முகத்தைப் பொத்தி அழுதான். ஸ்ரெல்லா எழும்பி நின்றாள். ஒரு காலில் செருப்பு, மறுகால் வெறுங்கால். தொண்டையைத் திறந்து தமிழில் பாடினாள். தோல் ஜக்கற்காரர் திரும்பிப் பார்த்தார். அவரும் எழும்பி நின்றார். கதவடியில் ரோர்ச் லைற்றோடு நின்ற நோயெல் லைற்றை அணைத்துவிட்டார்.

அன்று பின்னேரமே சமையலறை மேசையில் இருந்து எழுதினாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

“அண்ணா, ஃபாதர் சொன்னது சரி. அது கோயில் பாட்டு இல்லை. தமிழும் இல்லை. ஒருத்தரும் வரேல்லை, தனிய அலையிறன் எண்டுதான் அவன் பாடினவன். ஆனால் சனம் திருப்பிப் பாடேக்க வந்தார் அல்லோ எண்டுதான் கேக்குது. சத்தியமாய், என்ர ரெண்டு காதாலயும் கேட்டனான். நாங்கள் பிழையாக் கேக்கேல்லை அண்ணா. சனத்தோட நிண்டு கேட்டிருக்கிறம். இனி நீங்கள் யோசிச்சுச் செய்யுங்கோ.”

நத்தார் வந்தது. யேசுராசா தோட்டத்தில் இறைச்சி வாட்டினார், வெயில் கொளுத்தியது. ஸ்ரெல்லா பூசையில் முழங்காலில் நின்று, அங்கே என்ன நடந்ததோ என்று மட்டும் நினைத்தாள். கடிதம் போய்ச் சேர்ந்ததோ என்னவோ. பெப்ரவரி நடுவில் நீலக் கடிதம் ஒன்று வந்தது. அவள் அவசரமாகப் பிரித்ததில் ஓரம் கிழிந்தது. யேசுராசாதான் வாங்கி வாசித்தார்.

“தங்கச்சி, உன்ர கடிதம் நத்தாருக்கு ரெண்டு நாள் முந்திக் கிடைச்சது. கனக்க யோசிச்சன். பழைய மாதிரிப் பாடேல்லை. பிள்ளையள் எல்லாரையும் வளவின்ர அங்கால் பக்கம் நிப்பாட்டினன். நான் இஞ்சால தனிய நிண்டு, அவன் பாடின மாதிரியே இங்கிலீசில, வாண்டர் அலோன் எண்டு பாடினன். நாற்பது பிள்ளையளும் வந்தார் அல்லோ எண்டு திருப்பிப் பாடிக்கொண்டு என்னட்டை ஓடி வந்ததுகள். பின்னால கொட்டிலுகளுக்க இருந்த தாய்தேப்பன் எல்லாம் வெளியால வந்திட்டுதுகள். ஃபாதரும் பாடினவர். ரெண்டு வருசத்துக்குப் பிறகு இந்தச் சனம் சத்தம் போட்டுப் பாடி நான் கேட்டது அண்டைக்குத்தான்.”

யேசுராசா கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தேத்தண்ணி போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனார். ஸ்ரெல்லா ஜன்னல் பக்கம் திரும்பி, யாருக்கும் கேட்காத குரலில் முணுமுணுத்தாள்.

“வாண்டர் அலோன்...”

அடுப்படியிலிருந்து, ராகமும் இல்லாமல் தாளமும் இல்லாமல், கல்யாணம் கட்டிய நாளிலிருந்து ஒரு பாட்டும் பாடியறியாத மனுசனின் குரல் வந்தது.

“வந்தார் அல்லோ.”