பாதியில் தொங்கிய கர்டர்

மொரப்பூர் பக்கம் ரயில்வே மேம்பால வேலையில் நான் சிக்னல்மேன். கிரேன் தூக்கும் சுமையைக் கைச்சைகை காட்டி ஏற்றி இறக்க வைப்பது என் பொறுப்பு. அதற்குச் சான்றிதழ் கட்டாயம் என்று ஆனபோது நானும், நான் மாப்ள என்று கூப்பிடும் கம்பைநல்லூர்க்காரனும் சேர்ந்துதான் பரீட்சைக்குப் போனோம். செய்முறையில் அவன் கை என்னுடையதைவிடச் சுத்தம். கேள்வித்தாள் இங்கிலீஷில் வந்ததால் அவன் ஃபெயிலாகிவிட்டான். எனக்கு மட்டும் போட்டோ போட்ட கார்டு கிடைத்தது. அன்றிலிருந்து நான் லீவு எடுத்தால் கிரேன் நிற்கும். காய்ச்சலோடுகூட வந்து நின்றிருக்கிறேன்.

மனைவிக்குப் பிரசவ நாள் நெருங்கியதும் மூன்று நாள் லீவு கேட்டேன். பாலத்தின் உத்தரமான இந்த ஒரு கர்டர் மட்டும் ஏறிவிடட்டும் என்றார் இன்ஜினியர்.

காலையில் தூக்கினோம். பாதி உயரத்தில் கிரேனின் ஆயில் ஹோஸ் வெடித்தது. இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோர்த்தேன். எதையும் அசைக்காதே என்று அர்த்தம். பிரேக் பிடித்துக்கொண்டது. சேலத்திலிருந்து மெக்கானிக் வரவேண்டும். சுமை தொங்கும்வரை ஆபரேட்டர் சீட்டைவிட்டு இறங்கக்கூடாது, சிக்னல்மேன் அவர் பார்வையைவிட்டு விலகக்கூடாது. பரீட்சையில் இந்தக் கேள்விக்குச் சரியாக டிக் அடித்தவன் நான்.

வேலை நேரத்தில் எங்கள் போன்களெல்லாம் ஆபீஸ் பெட்டியில் இருக்கும். அரைமணி கழித்து சேஃப்டி ஆபீசர் வந்து சொன்னார். மாமியார் ஏழெட்டுத் தடவை கூப்பிட்டிருக்கிறார். வலி எடுத்து தர்மபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம், ஆபரேஷன் தேவைப்படலாமாம். சொல்லிவிட்டு கர்டரை அண்ணாந்து பார்த்தார். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

கீழே சுமை கட்டும் வேலையில் இருந்த மாப்ள வந்து என் வாக்கிடாக்கிக்குக் கை நீட்டினான்.

"நீ கெளம்பு. நான் பாத்துக்கறேன்."

அவனால் முடியும். ஆனால் ஏதாவது ஆகிவிட்டால் முதலில் மாட்டுவது அவன், அடுத்தது நான்.

"உங்கிட்ட கார்டு இல்லியேடா," என்றேன். எல்லோர் காதிலும் விழுந்தது. கையை மடக்கிக்கொண்டு தள்ளிப் போய்விட்டான்.

தர்மபுரி பஸ்கள் ரோட்டில் போய்க்கொண்டே இருந்தன. பார்க்கக்கூடாது என்றாலும் கண் அங்கேயே போனது. கண்ணாடிக்குள்ளிருந்து ஆபரேட்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மூன்று மணிக்கு ஹோஸ் மாற்றி, கர்டரை ஏற்றி உட்கார வைத்தோம். சாயங்காலம் போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷன் முடிந்திருந்தது. பெண் குழந்தை. நான் போட வேண்டிய கையெழுத்தை மச்சான் போட்டிருந்தான். மனைவி அரை மயக்கத்தில் கண் திறந்தாள்.

"நீங்க வரமாட்டீங்கன்னு தெரியும்," என்றாள். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பரீட்சையைத் தமிழில் வைக்கச் சொல்லி இன்ஜினியரிடம் கேட்டேன். மேலே எழுதுகிறேன் என்றார். அதற்குள் மாப்ள ஓசூர் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டான். கூப்பிட்டால் எடுக்கிறான், குழந்தையை விசாரிக்கிறான். அன்றைய பேச்சை மட்டும் இருவரும் தொடுவதில்லை.